கட்டிலுக்கடியில் 340 பிரதிகள்

கடலூர் முதுநகரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கிராமம் ஒன்றையும் 2011-இல் அடித்த "தானே" புயலையும் வைத்து ஒரு நாவல் எழுதி, சொந்தக் காசில் 500 பிரதி அச்சடித்தாராம். விழாவில் கொடுத்தது, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது, விற்றது எல்லாம் போக 340 பிரதி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மகன் கூகுளின் பிளாகரில் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்திருக்கிறார். அட்டைப்படம், விழாப் படங்கள், அணிந்துரை, விலை விவரம் என்று நான்கு பதிவு போட்டும் யாரும் வரவில்லை. வலைப்பூவால் புத்தகம் விற்குமா, விற்கும் என்றால் அதில் என்ன எழுதுவது என்பது கேள்வி.

டீச்சர், விற்கும். நீங்கள் போட்டிருக்கிற அந்த நான்கு பதிவால் விற்காது. வருத்தப்படாதீர்கள், நாங்கள் எல்லோருமே முதலில் அப்படித்தான் போட்டோம்.

உங்கள் நாவலின் பெயரைக் கூகுளில் தட்டித் தேடுகிறவர் யாராக இருப்பார்? விழாவுக்கு வந்தவர், இல்லையென்றால் வர முடியாமல் போன் செய்து வருத்தப்பட்டவர். அவர்களிடம் ஏற்கெனவே பிரதி இருக்கிறது. மீதி 340 பிரதிக்கு உரியவர்களுக்கு உங்கள் பெயரும் தெரியாது, நாவலின் பெயரும் தெரியாது. அவர்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கிற பண்ருட்டிப் பையன் ஒருவன், சின்ன வயதில் தான் பார்த்ததைப் புதுப் பெண்டாட்டிக்குக் காட்ட "தானே புயல்" என்று தேடுவான். முந்திரிக்கொல்லை வைத்திருக்கிற ஒருவர், பூவெல்லாம் ஏன் கருகுகிறது என்று தேடுவார். கல்லூரிப் பெண் ஒருத்தி கடலூர் பக்கத்து நடுநாட்டு வழக்குச் சொற்கள் என்று ஆய்வுக்குத் தேடுவாள். இவர்கள் தேடி வந்து நிற்கிற இடத்தில் உங்கள் எழுத்து இருக்க வேண்டும். அவ்வளவுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். மற்றதெல்லாம் கைவேலை.

என் கதையைச் சொன்னால் புரியும். நான் பாண்டி முதலியார்பேட்டைக்காரன். நீங்கள் பாண்டிக்கு பஸ்ஸில் வரும்போது கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. துணி மில்லைப் பார்த்திருப்பீர்கள். 1898-இல் தொடங்கிய மில், 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. என் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. மில்லைச் சுற்றியிருந்த தெருக்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, அதற்காக வலைப்பூ தொடங்கினேன். முதல் ஆறு மாதம் "என் நூல் குறித்து", "நூலுக்கு வந்த கடிதம்", "நூல் கிடைக்குமிடம்" என்றே ஓட்டினேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க நானே பத்துத் தடவை உள்ளே போய் வருவேன், அந்தக் கணக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வெறுத்துப்போய், புத்தகத்தில் இடமில்லாமல் விட்டுப்போன ஒரு சமாசாரத்தை எழுதினேன். மில் சங்கு. எந்தச் சங்குக்கு அப்பா சைக்கிளை எடுப்பார், எந்தச் சங்குக்கு அம்மா உலை வைப்பாள், கடிகாரம் இல்லாத வீடுகளில் பிள்ளைகளை எந்தச் சங்குக்குப் பள்ளிக்குக் கிளப்புவார்கள், கடைசியாக அது நின்றுபோன பிறகு தெருவில் கிழவர்கள் எப்படித் தூக்கம் கெட்டுத் திரிந்தார்கள் என்பதெல்லாம். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாரிஸ் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். அவர் தாத்தாவும் அதே மில்லாம். சங்கு என்று தேடியபோது இந்தப் பதிவு வந்து விழுந்ததாம். ஓரத்தில் அட்டைப்படம் பார்த்தேன், எப்படி வாங்குவது என்று கேட்டார். பிறகு அவர் உறவில் நான்கு பேர் கேட்டார்கள். பிரான்ஸில் இருக்கிற பாண்டிக் குடும்பங்களை நான் விழா அழைப்பிதழ் அச்சடித்துப் பிடித்திருக்க முடியுமா?

நாவல் எழுதியவர்கள் கையில் இந்த மாதிரி மிச்சம் எக்கச்சக்கமாக இருக்கும். எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள், எத்தனை பக்கம் குறிப்பு எடுத்திருப்பீர்கள். அதில் பத்தில் ஒரு பங்குதான் நாவலுக்குள் போயிருக்கும். மீதி இருக்கிற அந்தக் குறிப்பு நோட்டுதான் உங்கள் வலைப்பூ.

மிலாறு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்காட்டில் காய்ந்து கிடக்கிற சுள்ளி. அதைப் பொறுக்குவது யார், கட்டு எப்படிக் கட்டுவார்கள், கொல்லைக்காரர் யாரைப் பொறுக்க விடுவார், யாரைத் துரத்துவார்? ஒரு சொல்லுக்குள்ளேயே ஊரின் சாதியும் உறவும் அடுப்பும் இருக்கிறது. அது ஒரு பதிவு. கொட்டை உடைக்கிற பெண்களின் உள்ளங்கை இன்னொரு பதிவு. ஓட்டிலிருந்து வடிகிற பால் பட்டுத் தோல் கறுத்து உரிவதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். பூ பூக்கிற மாதங்கள், அந்த நேரத்தில் தேயிலைக் கொசு என்ற பூச்சி வந்து தளிரையும் பூவையும் கருக்குவது, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வி.ஆர்.ஐ. 3 மாதிரியான ரகங்கள், இவற்றைப் பற்றி விவசாயிகள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். மருந்து சிபாரிசு மட்டும் வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை.

புயலைப் பற்றி ஒரே பதிவில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்தது என்பது எல்லோரும் எழுதுவது. மறுநாள் காலையில் உங்கள் ஊரில் வானம் எப்படித் தெரிந்தது என்று நீங்கள்தான் எழுத முடியும். மரங்கள் மறைத்திருந்த பக்கத்து ஊர் திடீரென்று கண்ணுக்குத் தெரிந்ததாக என்னிடம் ஒருவர் சொன்னார். எனக்கு அது மறக்கவே இல்லை. கரன்ட் இல்லாத நாட்கள் ஒரு பதிவு. விழுந்த மரங்களை வெட்டி ஏற்றிய லாரிகள், விறகு விலை ஒரு பதிவு. திரும்ப நட்ட ஒட்டுக்கன்றுகள் ஒரு பதிவு. ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷம் காய்க்க ஆரம்பித்துவிடும், ஆனால் பாட்டன் வைத்த மரத்தின் கிளையில் தூளி கட்டிய குடும்பத்துக்கு அது ஈடாகுமா என்ற கேள்விக்கு உங்கள் நாவல்தானே பதில்? அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, "இந்தக் குடும்பத்தை வைத்துத்தான் நாவலின் மூன்றாம் பகுதியை எழுதினேன்" என்று இரண்டு வரி போட்டு, வாங்கும் வழியைக் கீழே வைத்துவிடுங்கள். படித்தவருக்கு அதற்குள் ஆசை வந்திருக்கும். "வாங்கிப் படித்து ஆதரவு தாரீர்" என்று எழுதினால் ஆள் ஓடிவிடுவார்.

பதிவில் தேதி, ஊர், விலை, தூரம் எல்லாம் போடுங்கள். எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி ஏறத்தாழ 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர் என்பதற்காக மட்டுமா இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்? எந்த நாள் எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரோடு என்ன பேசினார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்ததால்தான். நாலு பேர் தேடி வருகிற எழுத்துக்கு அந்தக் கணக்குப்பிள்ளைப் புத்தி கொஞ்சம் வேண்டும்.

தலைப்பில் பெரும்பாலான எழுத்தாளர்கள் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். "வேரோடு சாய்ந்த கனவுகள்" என்று தலைப்பு வைத்தால் அழகாகத்தான் இருக்கும், அந்தச் சொற்களைத் தேடுகிறவர் ஒருவரும் இல்லை. "தானே புயல்: பண்ருட்டி முந்திரிக்காட்டில் மறுநாள் காலை" என்று வையுங்கள். கவிதையை உள்ளே வைத்துக்கொள்ளலாம். நான் நல்ல தமிழ் எழுதுகிறேன் என்று எங்கள் மில்லை "ரோடியர் ஆலை" என்றே எல்லா இடத்திலும் எழுதியிருந்தேன். ஊரில் அதை ஆலை என்று சொன்ன மனிதர் உண்டா? ரோடியர் மில், ஏ.எஃப்.டி. மில், இல்லாவிட்டால் வெறும் மில். அப்படித்தான் தேடவும் செய்கிறார்கள். புதுச்சேரி, பாண்டிச்சேரி, புதுவை, பாண்டி என்று ஒரே ஊருக்கு நாலு பெயர். உங்களுக்கும் முதுநகர், ஓ.டி. என்று இரண்டு. உரைநடை கெடாமல், ஒரு பதிவுக்குள் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு முறையாவது வந்துவிடட்டும்.

என்ன சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கூகுளின் சர்ச் கன்சோல் என்று ஒன்று இருக்கிறது, காசு இல்லை. மகனிடம் சொல்லி உங்கள் வலைப்பூவை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பட்டியலாகக் கொடுக்கும். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். அந்தப் பட்டியலில் நீங்கள் எழுதாத ஒன்று அடிக்கடி தென்பட்டால், அடுத்த பதிவு அதுதான்.

மகனிடம் இன்னும் இரண்டு வேலை சொல்லுங்கள். பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பதிவின் முகவரி தமிழில் அமையாது. "பிளாக்-போஸ்ட்" என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பின்னால் ஒரு எண்ணும் தானாக விழும், படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் அதில் ஒரு தகவலும் இல்லை. பதிவை வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கத்தில் பெர்மாலிங்க் என்ற இடத்தில், தானே புயல் பண்ருட்டி என்பதை ஆங்கில எழுத்தில் நடுவே கோடு போட்டுக் கொடுத்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் நிலைமை தலைகீழ், தமிழிலேயே முகவரி அமையும், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறியாக முழ நீளத்துக்கு நீண்டு தொலைக்கும். அங்கேயும் கையால் மாற்றுவதுதான் வழி.

இரண்டாவது, எழுத்துரு. டி.டி.பி. செய்தவரிடமிருந்து நாவலின் கோப்பை வாங்கி நேராக வலைப்பூவில் ஒட்டாதீர்கள். அச்சு வேலையில், இணையத்துக்கு வேண்டிய யூனிகோட் முறையில் இல்லாத பழைய எழுத்துருக்களை இன்னும் பயன்படுத்துகிறார்கள். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். மாற்றித் தருகிற செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். நான் படிக்காமல் போட்டு, "கோவில்" என்று வரவேண்டிய இடமெல்லாம் வேறு எதுவோ ஆகி, ஒரு வாரம் ஊர் சிரித்தது.

நாவலில் எவ்வளவைச் சும்மா கொடுக்கலாம்? முதல் அத்தியாயத்தை முழுசாகக் கொடுங்கள். பாதியில் வெட்டி "மீதியைப் புத்தகத்தில் காண்க" என்பது வாரப்பத்திரிகைக் காலத்து வித்தை. உங்கள் புத்தகம் சொந்த வெளியீடு என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதிப்பகம் போட்டிருந்தால் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அட்டைப்படம் வரைந்தவரின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

கிண்டிலில் மின்னூலாகப் போடுகிற எண்ணம் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். அமேசானின் கே.டி.பி. என்ற மின்னூல் வெளியீட்டுத் தளத்தில் தமிழ்ப் புத்தகம் நாமே ஏற்றலாம், செலவில்லை. அதில் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால், 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும்தான். மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ள விடுவார்கள். அச்சுப் பிரதி விற்பதற்குத் தடையில்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டும் என்றால் செலக்டில் சேர்ந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 35தான். வலைப்பூவில் நாவலைத் தொடராகப் போட்டுவிட்டு, அப்புறம் செலக்டில் சேர்த்து, எச்சரிக்கை மின்னஞ்சல் வந்த பிறகு தலையில் கை வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். 240 பக்கப் புத்தகம் என்றால் பத்து சதவீதம் என்பது 24 பக்கம். முதல் அத்தியாயம் அதற்குள் அடங்கும். மிலாறு, சங்கு மாதிரி புத்தகத்தில் இல்லாததை எழுதுவதில் இந்தத் தொல்லையே கிடையாது, இன்னொரு சௌகரியம்.

வாங்கும் வழியில் குழப்பம் கூடாது. உங்கள் நான்காம் பதிவில் விலை இருக்கிறது, தபால் செலவு இல்லை. "தொடர்புக்கு" என்று வீட்டு முகவரியும் சொந்த நம்பரும் போட்டிருக்கிறீர்கள், அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தனியாக ஒரு சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப்பும் யு.பி.ஐ.யும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரே வாசகம்: புத்தகத்தின் பெயர், தபால் செலவோடு சேர்த்து ஒரே விலை, அந்த நம்பர். கணக்குப் போட வைத்தால் வாங்குகிறவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார்.

தபாலைப் பற்றியும் சொல்கிறேன், பலருக்குத் தெரியவில்லை. புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்ப இருந்த பதிவுத் தபாலான ரெஜிஸ்டர்டு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றுபோய் எங்களை எல்லாம் திண்டாட வைத்தது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. பாடப்புத்தகங்களுக்கும் சமூக, பண்பாட்டு, சமயப் புத்தகங்களுக்கும் உரியது. புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், வியாபார விளம்பரம் இருக்கக் கூடாது. ஒரு பிரதியை உறையோடு முதுநகர் தபாலாபீஸுக்கு எடுத்துப் போய், எடை போட்டு, கவுன்டரில் கேட்டுவிட்டு விலையை எழுதுங்கள். உங்கள் புத்தகம் 300 கிராமைத் தொட்டுக்கொண்டு நிற்கும் என்று நினைக்கிறேன். அட்டைப்பெட்டிக்குப் பதில் கனமில்லாத உறை என்றால் தப்பிக்கலாம்.

பதிவு போட்டதை நாலு பேருக்குச் சொல்வது தனி வேலை. ஒரு காலத்தில் எல்லோருடைய புதுப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டுகிற தமிழ்மணம் மாதிரியான திரட்டிகள் இருந்தன, பதிவு போட்ட பத்தாவது நிமிஷம் ஆள் வரும், சண்டையும் வரும். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது வாட்ஸ்அப்தான் தெருமுனை. உங்கள் பழைய மாணவர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்! வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்கிற ஒளிபரப்புப் பட்டியல் ஒன்று போடுங்கள், 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும், ஆகவே முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குரூப்களில் காலை வணக்கத்தோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். பேஸ்புக்கில் போடுவதும் தப்பில்லை, ஆனால் அங்கே எழுதியது மூன்றாம் நாள் அடியில் போய்விடும், வலைப்பூவில் எழுதியது மூன்றாம் வருஷமும் தேடலில் மிதந்து வரும். எனவே மூலத்தை வலைப்பூவில் வைத்து, ஒரு பத்தியையும் சுட்டியையும் மட்டும் பேஸ்புக்கில் போடுங்கள். மின்னஞ்சலில் பதிவு அனுப்பும் பழைய ஃபீட்பர்னர் வசதி 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அதைப் படித்துவிட்டு மகன் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வலைப்பூவில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் வேண்டாம். தமிழுக்கு 2018-லிருந்து கிடைக்கிறதுதான், வருகிற சில்லறைக்காக உங்கள் வாசகரை வேறு கடைக்கு அனுப்பிவைப்பானேன்?

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி மாதிரியான இடங்களுக்குப் போகும்போது, வலைப்பூவின் முகவரியை க்யூ.ஆர். கோடாக அச்சடித்த புத்தகக்குறி நூறு எடுத்துப் போங்கள். 340 பிரதியின் கடைசிப் பக்கத்திலும் அதையே சின்ன ஸ்டிக்கராக ஒட்டிவிடலாம், ஒரு சாயங்கால வேலை. படித்து முடித்தவர் கொட்டை உடைக்கிற அந்தப் பெண்ணின் கை என்ன ஆயிற்று என்று தேடி வர அது ஒரு வாசல்.

காலக்கணக்கு. மாதம் இரண்டு பதிவு போதும், ஒரு வருஷத்துக்கு 24. முதல் ஆறு மாதம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும், நிறுத்திவிடாதீர்கள். தேதியோடு ஒட்டியவற்றை முன்கூட்டியே போடுங்கள். புயல் பதிவை டிசம்பர் 30 அன்று போட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்வதற்குள் பொங்கல் வந்துவிடும், டிசம்பர் நடுவிலேயே போட்டுவிட வேண்டும். முந்திரிப் பூவைப் பூக்கும்போதும், கொட்டை உடைப்பதை அறுவடைக் காலத்திலும் எழுதுங்கள். ஒரு வருஷத்தில் 340-ம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என் 300 பிரதி தீர மூன்று வருஷம் ஆனது. கடைசி ஐம்பதை வாங்கியவர்களில் ஒருவரைக்கூட எனக்கு முன்பின் தெரியாது.

போட்டிருக்கிற அந்த நான்கு பதிவையும் அழிக்க வேண்டாம். "புத்தகம்" என்று ஒரு தனிப் பக்கம் திறந்து, அட்டை, அணிந்துரையில் நல்லதாக ஒரு பத்தி, விலை, முதல் அத்தியாயம் என்று அங்கே அடுக்கிவிடுங்கள். விழாப் படங்களில் ஒன்று போதும், பொன்னாடை போர்த்துகிற படம் வேண்டாம். பிறகு மிலாறு பதிவை எழுதி எனக்குச் சுட்டி அனுப்புங்கள். பணத்தை அந்தப் புது நம்பருக்குப் போட்டுவிடுகிறேன். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி, தபாலில்தான் வர வேண்டும், எடை எத்தனை கிராம் என்று நானும் பார்க்கிறேன்.